“ரத்தத்தை எங்க வெச்சு எடுத்தீங்க?”

அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் முப்பத்தொரு வருஷம் ரைட்டராக இருந்தவர். செக்ரோல் என்ற ஆள் வருகைப் பதிவு எழுதுவது, கூலிக் கணக்கு போடுவது, காலை எட்டு மணிக்கு மழைமானியில் விழுந்திருக்கும் தண்ணீரை அளந்து நோட்டில் குறிப்பது எல்லாம் அவர் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் மழை அளப்பதை மட்டும் விடவில்லை. அந்த மழை நோட்டு ஒன்றின் பின்பக்கத்தில்தான் 2021 ஜூனில் நான் அவருடைய கிரியாட்டினினை, அதாவது கிட்னி தளர்ந்தால் ரத்தத்தில் ஏறும் அந்த எண்ணை, எழுத ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அவசரத்தில் ரிப்போர்ட்டுகளோடு சேர்ந்து பைக்குள் வந்துவிட்ட நோட்டு அது.

நான் சேலத்தில் ஒரு ஜவ்வரிசி மில்லில் கணக்கு பார்க்கிறேன். மருத்துவம் படித்தவள் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் டாக்டர் எந்த எண்ணைப் பார்த்து முடிவெடுக்கிறாரோ, அந்த எண் எப்படி வந்தது என்பது பல நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். அதைத்தான் எழுத வருகிறேன்.

அந்த வருஷம் மே மாதம் சேலம் எப்படி இருந்தது என்று இங்கே இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரும்பாலை வளாகத்திலேயே ஆக்சிஜன் படுக்கைகள் போட்டிருந்தார்கள். அப்பாவுக்குக் கொரோனா வந்து, ஆக்சிஜன் வைத்து, ஸ்டீராய்டு ஊசி போட்டு, பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர், ஸ்டீராய்டில் அது 400-ஐத் தொட்டிருந்தது. வீடு வந்த எட்டாம் நாள், “வலது கன்னம் மரத்தாப்ல இருக்குது கண்ணு” என்றார். மறுநாள் மேல் கடைவாய்ப் பல் ஆடியது. மூக்கைச் சிந்தினால் ஒரு பக்கம் மட்டும் கறுப்பாக வந்தது. பல் டாக்டரிடம் போகலாம் என்றுதான் அம்மா சொன்னாள். டிவியில் ஓயாமல் கருப்புப் பூஞ்சை என்று ஓடிக்கொண்டிருந்ததால் நான் நேராகக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனேன். மூக்குக்குள் கேமரா விட்டுச் சதை எடுத்து ஸ்லைடில் பார்த்தார்கள். அன்று மாலையே மியூகோர்மைகோசிஸ், அதாவது அந்தக் கருப்புப் பூஞ்சைதான் என்று சொல்லிவிட்டார்கள். தமிழ்நாடு அரசு மே மாதமே அதை அறிவிக்க வேண்டிய நோயாக்கியிருந்ததால் ஒரு படிவம் வேறு நிரப்பினார்கள். இரண்டு நாளில் ஆபரேஷன். மேல் தாடையில் ஒரு துண்டும் ஐந்து பல்லும் போயின.

ஆபரேஷனுக்குப் பிறகுதான் நிஜமான கதை. ஆம்போடெரிசின் பி. தென் அமெரிக்காவில் ஓரினோகோ ஆற்றங்கரை மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து 1950-களில் எடுத்த மருந்து. பூஞ்சையின் மேல் சவ்வில் ஒட்டிக்கொண்டு ஓட்டை போடும். நம் உடம்பு செல்லின் சவ்வும் கிட்டத்தட்ட அதே ஜாடை என்பதுதான் தொல்லை. கிட்னியின் நுண்குழாய்களையும் அது விடுவதில்லை. அங்கே ஓட்டை விழுந்தால் பொட்டாசியமும் மெக்னீசியமும் சிறுநீரில் கொட்டிக்கொண்டே போகும். அதனால்தான் இந்த மருந்து ஓடும்போது தினம் அல்லது ஒன்றுவிட்டு ஒரு நாள் ரத்தம் எடுக்கிறார்கள். “தெனமும் ரத்தத்த உறிஞ்சறாங்களே” என்று அம்மா புலம்பினாள். எனக்கும் முதலில் அது பில்லைக் கூட்டும் வேலை போலத்தான் பட்டது.

அப்பாவின் எடை 58 கிலோ. கொழுப்பு உறைக்குள் அடைத்த லிப்போசோமல் வகை என்றால் கிலோவுக்கு 5 மில்லிகிராம், ஆக நாளைக்கு ஏறக்குறைய 300. ஒரு குப்பியில் 50 மில்லிகிராம், ஆறு குப்பி. அன்றைக்கு ஊரில் இந்தக் குப்பிக்குப் பட்ட பாடு தனிக்கதை. ஜூன் 12-ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் கூடி இதற்கான 5 சதவீத வரியைப் பூஜ்யமாக்கியது. வரி போனது, குப்பிதான் கிடைக்கவில்லை. சில நாள் ஆறு, சில நாள் நாலு.

மருந்துக்கு முன்னால் ஒரு பாட்டில் உப்புத் தண்ணீர் ஏற்றுவார்கள், கிட்னி காய்ந்துவிடக் கூடாது என்பதற்காக. மருந்தை மட்டும் டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் கலந்தால் திரிந்துவிடும். அப்பாவுக்கு இது சுத்தமாகப் பிடிபடவில்லை. “ஏனுங்க சிஸ்டர், சக்கரக்காரனுக்குச் சக்கரத் தண்ணி ஏத்தறீங்களே?” என்று தினமும் கேட்பார். அதற்குத் தகுந்த இன்சுலின் போட்டிருக்கிறோம் ஐயா என்று அவர்களும் தினமும் சொல்வார்கள். இரண்டு வகைப் பாட்டிலும் ஒரே ஸ்டாண்டில் தொங்கும்போது எது முடிந்தது, எது ஆரம்பித்தது என்று பார்ப்பதே ஒரு வேலையாக இருந்தது.

முதல் நாள் கிரியாட்டினின் 0.8. மூன்றாம் நாளும் 0.8. ஐந்தாம் நாள் 1.1. லேப் தாளில் 1.3 வரை நார்மல் என்று அச்சடித்திருந்தது, அதனால் பக்கத்தில் எந்தக் குறியும் இல்லை. நானும் நார்மல் என்று எழுதி வைத்துவிட்டேன். மாலை ரவுண்டு வந்த கிட்னி டாக்டர் என் நோட்டை வாங்கிப் பார்த்தார். மழை அளவு எழுதியிருந்த பக்கத்தைத்தான் முதலில் திறந்தார், சிரித்தார். பிறகு என் பக்கத்துக்கு வந்து 0.8-ஐயும் 1.1-ஐயும் பேனாவால் வட்டம் போட்டு இணைத்தார். “தாள்ல இருக்கற நார்மல் ஊருக்கு நார்மல். இவருக்கு நார்மல் 0.8. இரண்டு நாள்ல 0.3 ஏறினாலே கிட்னி அடி வாங்குதுன்னு அர்த்தம்” என்றார். அப்பாவின் வயதுக்குக் கணக்குப் போட்டால், 0.8-லிருந்து 1.1 ஆவது கிட்னி வடிகட்டும் சக்தியில் ஏறக்குறைய கால்வாசி குறைவதற்குச் சமமாம். கணக்கு பார்ப்பவளுக்கு இது உறைக்க வேண்டியது. மில்லில் நேற்றைய இருப்பைப் பார்க்காமல் இன்றைய இருப்பை மட்டும் பார்த்து நான் கையெழுத்துப் போடுவேனா?

அவர் கேட்ட அடுத்த கேள்வி, “வலிக்கு என்ன ஊசி போகுது?” தாடை வலிக்காக டைக்ளோஃபெனாக் போய்க்கொண்டிருந்தது. அதை அங்கேயே அடித்துவிட்டு வேறு வலி மருந்து எழுதினார். ஆம்போடெரிசினோடு டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையோ, ஜென்டாமைசின், அமிகாசின் வகை ஆன்டிபயாட்டிக்கோ சேர்ந்தால் கிட்னிக்கு இரண்டு பக்கமும் இடி. இத்தனைக்கும் இரண்டு மருந்தையும் எழுதியது வேறு வேறு டாக்டர்கள், சீட்டு ஒன்றுதான். இதைப் படிக்கும் யாராவது இன்று வார்டில் உட்கார்ந்திருந்தால், வலிக்கு என்ன போகிறது என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

ஒன்பதாம் நாள் லிப்போசோமல் எங்கேயும் இல்லை. பழைய வகை, அதாவது உறை இல்லாத சாதாரண ஆம்போடெரிசின் கிடைக்கிறது, கிடைப்பதை வாங்கி வையுங்கள் என்றார்கள். தம்பி ஆறு குப்பி வாங்கி வந்தான். பில்லைப் பார்த்ததும் எனக்கு வித்தியாசமாக இருந்தது. இதுவரை ஒரு குப்பிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தோம், இது சில நூறு. பெட்டியிலும் லிப்போசோமல் என்ற சொல் இல்லை. குப்பியில் மட்டும் அதே பெயர், அதே 50 மில்லிகிராம்.

ராத்திரி டியூட்டி மாறியிருந்தது. சார்ட்டில் முந்தின நாள் எழுதிய ‘ஆம்போ 300’ அப்படியே இருந்தது. ட்ரேயில் ஆறு குப்பியும் வரிசையாக மூடி கழற்றி நின்றன. அந்தத் தகர மூடிகள் ட்ரேயில் உருண்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. “சிஸ்டர், இது வேற பெட்டிங்க. விலையும் வேற. இதுவும் ஆறுதானுங்களா?” என்று கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம், மாஸ்க்குக்கு மேலே கண்கள் மட்டும் சிவந்திருந்தன, தொடர்ந்து இரண்டாவது ஷிஃப்ட். பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள், சீனியரைக் கூப்பிட்டாள். சீனியர் வந்து பார்த்துவிட்டு ஒன்றுமே பேசாமல் ஐந்து குப்பியை எடுத்துத் தன் கோட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பிறகுதான் டாக்டருக்கு போன் செய்தார்.

பழைய வகைக்கு அளவு கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் சுமார். எப்படிப் போனாலும் 1.5-ஐத் தாண்டக் கூடாது. 300 மில்லிகிராம் ஏறியிருந்தால் அப்பாவின் இதயமே நின்றிருக்கலாம் என்று மறுநாள் சொன்னார்கள். இரண்டு வகையும் ஒரே பெயர், மில்லிகிராம் கணக்கில் ஐந்து மடங்கு வித்தியாசம். இதற்காக அந்த ஆஸ்பத்திரியை நான் சந்தி சிரிக்க வைக்கப்போவதில்லை, அந்த மாதம் எல்லா ஆஸ்பத்திரியிலும் வேலை பார்ப்பவர்கள் ஓய்வில்லாமல் செத்துச் சுண்ணாம்பாகிக்கொண்டிருந்தார்கள். ஆனால் மருந்தின் வகை மாறும் அன்று பழைய சார்ட்டை அடித்துவிட்டுப் புதிதாக, முழுப்பெயரோடு எழுத வேண்டும். ‘ஆம்போ’ என்று சுருக்கி எழுதுவதுதான் எமன்.

பழைய மருந்து ஏற ஆரம்பித்து முக்கால் மணி நேரத்தில் அப்பாவுக்குக் குளிர் தூக்கிப்போட்டது. கட்டில் சட்டம் சுவரில் இடித்து டக் டக் என்று சத்தம் வந்தது. ஜூன் மாதச் சேலத்தில் மூன்று போர்வை. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் மருந்துக்கு அரை மணி முன்னால் பாராசிட்டமாலும் அவில் என்ற அலர்ஜி மருந்தும் போட்டார்கள், பாட்டிலையும் ஆறு மணி நேரத்துக்கு மெதுவாக ஓட்டினார்கள். குளிர் குறைந்தது.

மூன்று நாள் பழைய வகை ஓடியதில் கிரியாட்டினின் 2.1. இரண்டு நாள் மருந்தை நிறுத்தி உப்புத் தண்ணீர் மட்டும் ஏற்றினார்கள். அந்த இரண்டு நாளும் எனக்கு வயிற்றைக் கலக்கியது, மருந்து இல்லாமல் பூஞ்சை மேலே கண்ணுக்கு ஏறிவிடுமோ என்று. “மருந்த விட்டா பூஞ்சை, விடலைன்னா டயாலிசிஸ். நடுவுல ஒரு வரப்பு இருக்கு, அதுல நடக்கறோம்” என்றார் டாக்டர். 1.5-க்கு இறங்கியதும், கிடைத்த லிப்போசோமலை வைத்துத் திரும்ப ஆரம்பித்தார்கள்.

இதற்கிடையில் பொட்டாசியம் தனியாக ஆட்டம் காட்டியது. 3.5-க்குக் கீழே போகக் கூடாது. அப்பாவுக்கு 2.9. பொட்டாசியம் குளோரைடு சிரப் கொடுத்தார்கள், டிரிப்பிலும் மெதுவாக ஏற்றினார்கள், அதில் கை நரம்பு எரிந்தது. சிரப்பைத் தண்ணீரில் கலந்துதான் குடிக்க வேண்டும். “கெணத்து உப்புத் தண்ணியில காசு போட்டு ஊற வெச்ச மாதிரி இருக்குது கண்ணு” என்பார். மூன்று நாள் கொடுத்தும் 2.9, 3.0, 2.9. நாலாம் நாள் யாரோ மெக்னீசியம் பார்க்கச் சொன்னார்கள். 1.2. குறைந்தது 1.7-ஆவது இருக்க வேண்டும். மெக்னீசியம் குறைவாக இருக்கும்வரை கிட்னி பொட்டாசியத்தைப் பிடித்து வைக்காதாம். எவ்வளவு ஊற்றினாலும் ஓட்டைக் குடம்தான். மெக்னீசியம் ஊசி போட்ட இரண்டாம் நாள் பொட்டாசியம் 3.4-க்கு வந்தது. பொட்டாசியம் ஏறவில்லை என்றால் மெக்னீசியம் பார்த்தீர்களா என்று கேளுங்கள். நான் வார்டில் கற்றதிலேயே எல்லாருக்கும் பயன்பட்ட ஒரு கேள்வி இது. பக்கத்துக் கட்டில் ஓமலூர்க்காரருக்கும் இதே கதை நடந்தது.

ஹீமோகுளோபினும் 12-லிருந்து 9-க்கு இறங்கியது. அதுவும் இந்த மருந்தின் கைவேலைதானாம், மெதுவாக ஏறிவிடும் என்றார்கள், ஏறியது.

ஜூலை கடைசியில், கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவை மைக் சத்தம் இல்லாமல் நடத்திக்கொண்டிருந்த நேரத்தில், வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி பூஞ்சைக்குப் பொசகோனசோல் மாத்திரை, ஒன்று 100 மில்லிகிராம், முதல் நாள் மட்டும் மும்மூன்றாக இரண்டு வேளை, பிறகு தினம் மூன்று, சாப்பாட்டோடு. தாடையில் தகடு வைத்திருந்த அப்பாவுக்கு விழுங்கக் கஷ்டம். அம்மா அம்மியில் நுணுக்கிக் கஞ்சியில் போடத் தயாராகிவிட்டாள். நல்லவேளை மருந்துக்கடைக்காரர் முன்பே சொல்லியிருந்தார். அது குடலுக்குப் போன பிறகு கரையும்படி செய்த மாத்திரை, உடைக்கக் கூடாது. அதே மருந்து திரவமாகவும் வரும், ஆனால் அதற்கு அளவு வேறு, மில்லிகிராமுக்கு மில்லிகிராம் மாற்றிக்கொள்ள முடியாது. கடைசியில் கட்டித் தயிரோடு விழுங்கப் பழகிக்கொண்டார்.

இந்த மருந்து ரத்தத்தில் எவ்வளவு நிற்கிறது என்று அளக்க முடியும். ஒரு வாரம் கழித்து, அடுத்த மாத்திரை போடுவதற்குச் சற்று முன்னால் ரத்தம் எடுக்க வேண்டும். மாத்திரை போட்ட பிறகு எடுத்தால் எண் பொய் சொல்லும். நோய்க்குச் சிகிச்சை என்றால் மில்லிக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் வேண்டும். அப்பாவுக்கு 1.8. எல்லாருக்கும் நிம்மதி.

கூடவே ஒரு பட்டியலும் கொடுத்தார்கள். கொழுப்புக்கான அடோர்வாஸ்டேட்டின் நிறுத்தம். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் பாதி. பூஞ்சை மாத்திரைகளில் ‘சோல்’ என்று முடிகிறவை பலவும் கல்லீரல் மற்ற மருந்துகளை உடைக்கும் வேலையைத் தடுக்கும். அதனால் மற்ற மருந்து அளவுக்கு மேல் தேங்கும். கொழுப்பு மாத்திரை தேங்கினால் தசை கரையும். மாதம் ஒருமுறை கல்லீரல் டெஸ்ட், அதில் எஸ்ஜிபிடி என்ற எண் சாதாரண உச்சத்தைப் போல மூன்று மடங்கு போய் குமட்டல், மஞ்சள் ஏதாவது இருந்தால் உடனே வர வேண்டும், ஒன்றும் இல்லாவிட்டாலும் ஐந்து மடங்கு போனால் வர வேண்டும். இவ்வளவும் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

அப்பா சேலத்து வீட்டில் ஒரு மாதம்கூட இருக்கவில்லை. மழை அளக்க ஆள் இல்லை என்று ஏற்காட்டுக்கு ஏறிவிட்டார்.

அக்டோபரில் போன் செய்தால் கால் வீங்குகிறது என்றார். வீட்டிலிருந்து மிளகுக் கொடி வரைக்கும் இருபது படி, ஏற முடியவில்லை, ராத்திரி கெண்டைக்கால் இழுக்கிறது. பிரஷர் 170. எப்போதும் 130 இருக்கும் மனுஷன். முதலில் அம்லோடிபின் மேல்தான் சந்தேகம், அது காலை வீங்க வைக்கும், பொசகோனசோலோடு சேர்ந்தால் இன்னும். ஆனால் அம்லோடிபின் தேங்கினால் பிரஷர் இறங்க வேண்டுமே, ஏன் ஏறுகிறது? அதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. நான் போய் மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பார்த்தபோது பழைய அடோர்வாஸ்டேட்டின் அட்டை ஒன்று உள்ளே இருந்தது, நாலு மாத்திரை காலி. சரி, இதுதான் தசை வலி என்று அதைத் தூக்கிப்போட்டுவிட்டுத் துப்பறிந்த திருப்தியோடு கீழே இறங்கிவிட்டேன்.

ரத்த டெஸ்டுக்கு வீட்டுக்கே வந்து எடுத்துப்போகும் லேப் பையனைச் சொல்லியிருந்தோம். நல்ல பையன். காலை ஏழு மணிக்கு வந்தான். அப்பாவுக்கு நரம்பு கிடைக்காது, அத்தனை ஊசி போட்ட கை. பட்டையை இறுக்கிக் கட்டி, “கைய மூடி மூடித் தொறங்க ஐயா” என்று பத்துப் பதினைந்து தடவை செய்ய வைத்து எடுத்தான். தெர்மக்கோல் பெட்டியில் ஐஸ் பொட்டலத்துக்கு நடுவே குழாயைச் செருகினான். அம்மாவுக்கு அதில் ஏக மரியாதை, “எவ்ளோ பத்திரமா வெக்கறான் பாரு” என்று. அங்கிருந்து நாகலூர்ப் பக்கம் இன்னும் மூன்று வீடு, பிறகு பைக்கில் இருபது கொண்டை ஊசி வளைவு, மழையில் சரிந்த மண்ணை ஒதுக்கி ஒதுக்கி வண்டிகள் ஊரும் நேரம். சேலம் லேப்புக்கு அது போய்ச் சேர்ந்தது மதியம் ஒரு மணிக்கு.

பொட்டாசியம் 4.7. நார்மல். தாளில் எந்தக் குறியும் இல்லை. போனில் கேட்ட ஒரு டாக்டர், அப்போ பொட்டாசியம் சிரப்பும் இளநீரும் இனி வேண்டாம், கிட்னி அடிபட்ட உடம்பு, அதிகமாகிவிடும் என்றார். அவர் கையில் இருந்த எண்ணுக்கு அது சரியான பதில்.

நாலாம் நாள் அப்பாவால் கட்டிலிலிருந்து எழ முடியவில்லை. காரில் போட்டுக்கொண்டு இறங்கினோம். ஈசிஜி எடுத்தவர் முகம் மாறியது. அங்கேயே ரத்தம் எடுத்து இருபது நிமிஷத்தில் பார்த்தார்கள். 2.7.

கிட்னி டாக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிறகு என் நோட்டைக் கேட்டார். நாலு மாதத்தில் அப்பாவுக்குப் பொட்டாசியம் ஒருமுறைகூட 4-ஐத் தொட்டதில்லை, உச்சம் 3.8. “இது என்ன, திடீர்னு 4.7? இந்த ரத்தத்தை எங்க வெச்சு எடுத்தீங்க?” என்றார். ஏற்காட்டு வீட்டில், ஐஸ் வைத்து, பைக்கில் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அவர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். உடம்பின் பொட்டாசியத்தில் பெரும்பங்கு செல்களுக்குள்ளேதான் இருக்கிறது, வெளியே ரத்த நீரில் இருப்பது சொற்பம். லேப் அளப்பது அந்தச் சொற்பத்தை. பட்டை கட்டிக் கையை மூடி மூடித் திறந்தால் தசை பொட்டாசியத்தை வெளியே விடும். குழாய்க்குள் போன பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்க அவற்றுக்கு ஒரு பம்பு இருக்கிறது. ஐஸில் வைத்தால் அந்தப் பம்பு படுத்துவிடும், பொட்டாசியம் வெளியே கசியும். அணுவும் நீரும் பிரிக்காத ரத்தம் மணிக்கணக்கில் அப்படிக் கிடந்தால் எண் ஏறிக்கொண்டே போகும். குலுங்கி அணு உடைந்தால் நீர் சிவந்து தெரியும், லேப்காரர் கண்டுபிடித்துவிடுவார். குளிரில் கசிந்தால் சிவக்காது, யாருக்கும் தெரியாது. பத்திரம் என்று நாங்கள் நினைத்த அந்த ஐஸ்தான் குறைவான பொட்டாசியத்தை நார்மலாகக் காட்டியது. அதை நம்பி, அவரைத் தாங்கிக்கொண்டிருந்த சிரப்பையும் நிறுத்தியிருந்தோம்.

இனி ரத்தம் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் லேப் போய்ச் சேரும் இடத்தில் எடுங்கள், முடியாவிட்டால் எடுக்கும் இடத்திலேயே சுழற்றி நீரைப் பிரித்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள் என்றார். பொட்டாசியம் ஏறும் கையிலிருந்து ரத்தம் எடுக்க விடாதீர்கள், மறு கையைக் கொடுங்கள் என்றும் சொன்னார்.

ஏன் பொட்டாசியம் குறைந்தது என்பதற்குப் பதில் இன்னும் ஐந்து நாள் கழித்து வந்தது. பொசகோனசோல் அளவை மறுபடி பார்த்தார்கள், வெளியூருக்குப் போய் வர வேண்டிய டெஸ்ட். 4.2. ஆகஸ்டில் 1.8 இருந்தது. சில பேருக்கு, முக்கியமாக வயதானவர்களுக்கு, இந்த மருந்து ரத்தத்தில் அதிகமாக நிற்கும்போது உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கும் ஹார்மோன் கூடியது போன்ற நிலை வந்துவிடுமாம். உப்பு தங்கும், கால் வீங்கும், பிரஷர் ஏறும், பொட்டாசியம் போகும். நான் தனித்தனியாகத் துப்பறிந்த மூன்றும் ஒரே திருடன். பிரஷர் மாத்திரையைக் கூட்டாமல் பொசகோனசோலை மூன்றிலிருந்து இரண்டு மாத்திரையாகக் குறைத்தார்கள். மூன்று வாரத்தில் பிரஷர் 136, பொட்டாசியம் 3.9, ரத்தத்தில் மருந்து 1.9. பூஞ்சைக்கு அது போதும். ஆகஸ்டில் ஒருமுறை அளவு பார்த்தாயிற்று, சரியாக இருந்தது என்று விட்டிருந்தோம். அப்பா அதற்குள் ஆறு கிலோ இளைத்திருந்தார், அதை யாரும் சீட்டில் திருத்தவில்லை. நோட்டில் எடைக்கு ஒரு பத்தி போடாமல் விட்டது என் தப்பு.

டிசம்பரில் ஸ்கேன் பார்த்து மருந்தை நிறுத்தினார்கள்.

இதெல்லாம் பெரிய நோய்க்குத்தான் என்று நினைக்க வேண்டாம். எங்கள் மேட்டுக்குப் பக்கத்தில் மிளகு பறிக்கப் போகும் ஒரு அண்ணன், தொடை இடுக்குப் படர்தாமரைக்குக் கடையில் தானாகக் கேட்டு இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்து வாங்கி இரண்டு மாதமாகப் போட்டுக்கொண்டிருந்தார். குணமாகவில்லை. காலையில் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை, அதோடு சேர்த்து இந்தக் கேப்சூல். அந்தக் கேப்சூல் கரைய வயிற்றில் புளிப்பு வேண்டும், சாப்பாடும் வேண்டும். அவர் இரண்டையும் ஒழித்துவிட்டு விழுங்கிக்கொண்டிருந்தார். கல்லீரல் டெஸ்ட் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. இன்னொரு சொந்தக்காரருக்குப் பூஞ்சைக்கு ஃப்ளூகோனசோல் கொடுத்தார்கள், அவர் சர்க்கரைக்குக் கிளிமெபிரைடு போடுகிறவர் என்பது எழுதியவருக்குத் தெரியாது. இரண்டாம் நாள் விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி சர்க்கரை 52. ஃப்ளூகோனசோல் அந்தச் சர்க்கரை மாத்திரையை உடம்பில் தேக்கிவிடும். போடும் எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் கொட்டுங்கள், பெயர் ஞாபகம் வைத்துச் சொல்ல முயலாதீர்கள்.

அப்பாவின் கிரியாட்டினின் இப்போது 1.2-லேயே நிற்கிறது. 0.8 திரும்ப வரவில்லை, வராது என்று சொல்லிவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலை முதல் பஸ்ஸில் இறங்கி நேராக லேப்புக்கே போய்விடுகிறோம். போன முறை புதிதாக ஒரு பெண் இருந்தாள். பட்டையைக் கட்டிவிட்டு, “தாத்தா, கைய நல்லா மூடித் தொறங்க” என்றாள். அப்பா கையை விரித்தபடியே மேசையில் வைத்திருந்தார்.

“மூட மாட்டேன் கண்ணு. பொட்டாசியம் ஏறிக்கும். நரம்பு கெடைக்கலைன்னா இன்னொரு தடவ குத்து, பரவால்ல.”